சீமை முட்பழமும் இதய வருத்தமும்: வாசகர் கேள்வி – பதில்

ஹாதோர்ன் என்னும் ஐரோப்பிய முட்செடியின் பழத்தைப் பற்றி நுவரெலியா, பதுளை மாவட்டங்களிலிருந்து தொடர்ந்து கடிதங்கள் வந்துகொண்டிருப்பதால், இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளும் சகோதரர்களும் அனுப்பும் பொதிகளில் இந்தக் குளிசைப் போத்தல்கள் வந்து சேர்வதே பெரும்பாலான கேள்விகளுக்குக் காரணம் என்பது கடிதங்களைப் படிக்கும்போது தெரிகிறது.

கேள்வி: என் தாயார் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். இதயம் பலவீனமாக இருக்கிறது என்று அரசாங்க வைத்தியசாலையின் கிளினிக்கில் மருந்து கொடுக்கிறார்கள். லயத்திலிருந்து மேல் ரோட்டுக்கு ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்குகிறது. மாலையில் கால் வீங்குகிறது. இலண்டனில் இருக்கும் தம்பி ஹாதோர்ன் பழக் குளிசை ஒரு போத்தல் அனுப்பியிருக்கிறான். கிளினிக் மருந்தோடு சேர்த்துக் கொடுக்கலாமா, அல்லது அதை நிறுத்திவிட்டு இதைக் கொடுக்கலாமா?
— ஒரு வாசகி, தலவாக்கலை

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், சகோதரி. கிளினிக் மருந்தை நீங்களாக நிறுத்தவே கூடாது. இதயம் பலவீனமானவர்கள் நீர் வெளியேற்றும் குளிசையை விட்டுவிட்டால் நுரையீரலில் நீர் கோத்துச் சில நாட்களுக்குள்ளேயே நிலைமை மோசமாகலாம். இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் பிசோபுரோலோல் போன்ற பீட்டா தடுப்பிகளைச் சட்டென்று நிறுத்துவதோ நெஞ்சுவலியையும் துடிப்புக் கோளாறையும் வரவழைக்கக்கூடியது.

சேர்த்துக் கொடுக்கலாமா என்பதற்கான பதில் சற்று நீளமானது. போத்தலைத் திருப்பி, பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள். செடியின் எந்தப் பாகத்திலிருந்து குளிசை செய்யப்பட்டது என்பது அங்கே எழுதப்பட்டிருக்க வேண்டும். சிலவற்றில் பழத்தூள் என்று மட்டும் இருக்கும். வேறு சிலவற்றில் இலையும் பூவும் சேர்ந்த சாறு என்றும், அதில் புரோசயனிடின் அல்லது ஃபிளேவனொயிட் என்னும் தாவரப் பொருள் எத்தனை சதவீதம் என்றும் குறிப்பிட்டிருப்பார்கள். கடந்த அரை நூற்றாண்டில் இதய நோயாளிகளிடம் ஒழுங்காகச் செய்யப்பட்ட ஆய்வுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகையைக் கொண்டே நடத்தப்பட்டன. ஜேர்மனியில் மூலிகை மருந்துகளை மதிப்பிடுவதற்காக அமைக்கப்பட்ட 'ஆணைக்குழு ஈ', இலையும் பூவும் சேர்ந்த தயாரிப்பை, இதயப் பலவீனத்தின் மிதமான நிலைக்கு 1994ஆம் ஆண்டில் அங்கீகரித்தது. பழத்துக்கு அந்த அங்கீகாரத்தைக் கொடுக்கவில்லை. அப்படியிருந்தும் போத்தலின் முன்பக்கத்தில் அழகுக்காக அச்சிடப்படுவது சிவந்த பழம்தான் என்பதால் வாங்குபவர் குழம்புவதில் வியப்பில்லை.

அந்த இலை, பூச் சாறாவது பலன் தந்ததா என்று கேட்டால், ஓரளவுக்கு என்றே சொல்ல வேண்டும். 2008ஆம் ஆண்டில், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 14 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, வழமையான மருந்துகளோடு சேர்த்து இதை உட்கொண்டவர்களிடம் இளைப்பும் களைப்பும் குறைந்து, உடலுழைப்பைத் தாங்கும் வலு கூடியிருந்ததைக் கண்டது. விற்பனைக்காரர்கள் இன்றும் எடுத்துக்காட்டுவது இதைத்தான். ஆனால் அதே ஆண்டில் வெளியான, இத்துறையின் மிகப் பெரிய ஆய்வு அவ்வளவு நம்பிக்கை தரவில்லை. இதயப் பலவீனமுள்ள 2681 பேருக்கு, வழமையான மருந்துகளோடு, ஒரு பகுதியினருக்கு நாளொன்றுக்கு 900 மில்லிகிராம் சாறும் மற்றப் பகுதியினருக்கு வெற்றுக் குளிசையுமாக இரண்டு ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தார்கள். இதய நோயால் இறந்தவர்கள், மாரடைப்பு வந்தவர்கள், நோய் முற்றி வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டவர்கள் ஆகிய எல்லோரையும் கூட்டிக் கணக்கிட்டபோது சாறு குடித்தவர்களில் 27.9 சதவீதம், குடிக்காதவர்களில் 28.9 சதவீதம் என்று வந்தது. இந்தச் சிறு வேறுபாட்டுக்குப் புள்ளியியல் நோக்கில் பொருளில்லை. அமெரிக்காவில் 120 பேரிடம் நடத்தப்பட்டு 2009ஆம் ஆண்டில் வெளியான இன்னோர் ஆய்வில், ஆறு நிமிடத்தில் நோயாளி எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று அளந்து பார்த்தும் முன்னேற்றம் காணப்படவில்லை. உங்கள் தாயாருக்கு ஏற்றம்தான் தொல்லை என்பதால் இந்த முடிவை அழுத்திச் சொல்கிறேன்.

பெரிய ஆய்வில் சாறு குடித்தவர்களுக்குப் பெரிய தீங்கு எதுவும் நேரவில்லை என்பது உண்மையே. ஆனால் அவர்கள் வைத்தியர்களின் கண்காணிப்பில் இருந்தவர்கள். வீட்டில் தாமாகக் குடிக்கும்போது, டிஜொக்சின் என்னும் இதய மருந்தை எடுப்பவருக்கு அதன் வேகம் கூடக்கூடும். பிரஷர் குளிசைகளோடும், நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் குளிசையோடும் சேரும்போது அழுத்தம் அளவுக்கு மேல் இறங்கித் தலை சுற்றலாம். குருதி உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், அஸ்பிரின் போன்றவற்றோடு சேர்ந்தால் குருதிக் கசிவு கூடும் அபாயமும் உண்டு. ஆகவே அடுத்த கிளினிக் நாளில் கொப்பியோடு அந்தப் போத்தலையும் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள். 'நாட்டு மருந்துதானே' என்று மறைத்துவிடுவதுதான் நமது பகுதியில் அதிகம் நடக்கும் தவறு. தம்பி கோபித்துக்கொள்ள மாட்டார். அவர் அனுப்பும் பணத்தில் வீட்டிலே பிரஷர் பார்க்கும் கருவியும், நாளாந்தம் நிறை பார்க்க ஒரு தராசும் வாங்கினால் தாயாருக்கு அதனால் கூடுதல் பயன் கிடைக்கும். இரண்டு மூன்று நாட்களுக்குள் நிறை இரண்டு கிலோ ஏறினால் உடம்பில் நீர் சேர்கிறது என்று அர்த்தம். அப்போது கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்கக் கூடாது.

கேள்வி: ஒரு வேலி முள் எப்படி இதய மருந்தாயிற்று? அதன் வரலாற்றைச் சற்று விரிவாக எழுத முடியுமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ஹட்டன்

பதில்: விரிவாகவே எழுதலாம், ஐயா, இந்தச் செடியைப் பொறுத்தவரை வரலாறுதான் மருத்துவத்தைவிட வளமானது.

ஹாதோர்ன் ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்தது. நுவரெலியாவில் விளையும் பியர்ஸ், பிளம்ஸ், ஸ்ட்ரோபரி யாவும் அதன் உறவுகள். ஐரோப்பிய இனத்தின் பழம் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் அகலம் இருக்கும். மேல்தோல் கருஞ்சிவப்பு, நுனியில் பூவின் காய்ந்த புல்லிகள் சுருங்கி ஒட்டியிருக்கும். பிட்டுப் பார்த்தால் சாறு வடியாது. வெளிர்மஞ்சளான மாவுச் சதையும், அதற்குள் கல்லைப் போன்ற ஒரு விதையும் தெரியும். சீன இனத்தின் பழம் இதைவிடப் பெரியது, புளிப்பும் கூடியது.

மனிதர் இதைப் பயன்படுத்தியதற்கான மிகப் பழைய தடயங்களில் ஒன்று சீனாவின் ஹெனான் மாகாணத்திலுள்ள ஜியாகு என்னும் இடத்தில் கிடைத்திருக்கிறது. அங்கே அகழ்ந்தெடுத்த, ஏறத்தாழ 9000 ஆண்டுப் பழமையுள்ள மண்கலங்களின் உட்சுவரில் படிந்திருந்ததைப் பரிசோதித்தவர்கள், அரிசியும் தேனும் பழமும் சேர்த்துப் புளிக்கவைத்த ஒரு பானத்தின் மிச்சம் அது என்று 2004ஆம் ஆண்டில் அறிவித்தார்கள்; அந்தப் பழம் ஹாதோர்னாகவோ காட்டுத் திராட்சையாகவோ இருக்கலாம் என்பது அவர்களுடைய கருத்து. பிற்காலச் சீன வைத்தியம் இந்தப் பழத்தை இதயத்துக்கென்று கருதவில்லை. இறைச்சியும் கொழுப்பும் உண்டு வயிறு பாரமாக இருப்பவர்களுக்கே கொடுத்தது. 16ஆம் நூற்றாண்டு மருத்துவரான லி ஷிஷென், கிழட்டுக் கோழியைச் சமைக்கும்போது சில பழங்களைப் போட்டால் கறி சீக்கிரம் வெந்துவிடும் என்பதைக் குறித்துவைத்து, செரிமானத்துக்கு அது உதவுவதை அதிலிருந்தே விளக்குகிறார்.

ஐரோப்பாவில் அது முதலில் நம்பிக்கைக்குரிய மரம், மருந்தானது பிறகுதான். உரோமர்கள் குழந்தையைத் தீய சக்திகள் அண்டாதிருக்க அதன் கிளையை வீட்டில் வைத்தார்கள். இயேசுவின் முள்முடி இந்த முள்ளால் ஆனது என்று கிறிஸ்தவர்கள் பலர் நம்பினார்கள். இயேசுவின் உடலை அடக்கம் செய்த அரிமத்தியா ஊர் யோசேப்பு இங்கிலாந்தின் கிளாஸ்ரன்பரியில் ஊன்றிய கைத்தடியே வேர்விட்டு ஹாதோர்ன் மரமாயிற்று என்றும், அதனால்தான் அது நத்தார் காலத்திலும் பூக்கிறது என்றும் ஒரு கதை உண்டு. அயர்லாந்தில் வெளியில் தனித்து நிற்கும் ஹாதோர்னை வெட்டினால் குடும்பத்துக்குக் கேடு என்ற அச்சம் இன்னும் முழுதாக நீங்கவில்லை. 1999ஆம் ஆண்டில் அந்நாட்டின் கிளேர் மாவட்டத்தில் நெடுஞ்சாலை அமைத்தபோது, கதைசொல்லி ஒருவர் எழுப்பிய எதிர்ப்பினால் அப்படிப்பட்ட ஒரு செடி வெட்டப்படாமல் காப்பாற்றப்பட்டது. தோட்டத்து முனியாண்டி மரத்தில் கத்தி வைக்கத் தயங்குகிறவர்களுக்கு இதைக் கேட்டு வியப்பு வராது. அதே மக்கள் அதன் பூவை வீட்டுக்குள் கொண்டுவரவும் அஞ்சினார்கள். அதற்கு ஒரு காரணம் தெரிகிறது: பூவின் மணத்தில் டிரைமெத்தைலமீன் என்னும் பொருள் இருக்கிறது, அழுகும் மீனிலும் சதையிலும் உண்டாவதும் அதுதான்.

இங்கே நம்முடைய தொழிலோடு தொடர்புள்ள ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் பொது நிலங்களை அடைத்து எடுத்தபோது எல்லைதோறும் வேலியாக நடப்பட்டது இந்த முள்தான். தேயிலை சீனாவிலிருந்து மட்டும் வந்து விலை எட்டாதிருந்த அக்காலத்தில், வேலியிலிருந்து பறித்த ஹாதோர்ன் இலையையும் கருமுள் என்னும் இன்னொரு வேலிச் செடியின் இலையையும் அவித்து, இரும்புத் தட்டில் வாட்டி, கையால் தேய்த்துச் சுருளாக்கி, சாயமேற்றித் தேயிலை என்று விற்றார்கள். 1818ஆம் ஆண்டில் இலண்டன் மளிகைக்காரர்கள் சிலர் இதற்காக வழக்குக்கு உள்ளாகித் தண்டம் கட்டினார்கள். லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை 1867இல் பயிரிடத் தொடங்குவதற்கு அரை நூற்றாண்டுக்கு முந்திய கதை இது.

மருந்துக்கு வருவோம். 17ஆம் நூற்றாண்டு இலண்டன் மூலிகையாளர் நிக்கலஸ் கல்பெப்பர், விதையைப் பொடித்து வைனில் கலந்து குடித்தால் சிறுநீர்க் கல்லுக்கும் நீர்வீக்கத்துக்கும் நல்லது என்றார். நீர்வீக்கம் என்று அன்று சொல்லப்பட்டதில் ஒரு பகுதி இதயம் பலவீனமாவதால் வருவது என்பதை இன்று அறிவோம். ஆனால் அவர் அதை இதயத்தோடு இணைக்கவில்லை. அந்த இணைப்பு மேற்சொன்ன அதே கிளேர் மாவட்டத்தின் என்னிஸ் என்னும் ஊரிலிருந்து வந்தது. அங்கே கிரீன் என்னும் மருத்துவர் இதய நோய்க்கு இரகசிய மருந்து வைத்திருப்பவராகப் பெயர் பெற்றிருந்தார். பழுத்த ஹாதோர்ன் பழத்தின் சாராயச் சாறே அது என்பது அவர் இறந்த பிறகு வெளியாகி, 1896ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் எழுதப்பட்டது. அதன் பின்னரே அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மருத்துவர்கள் இதைக் கையாளத் தொடங்கினார்கள். ஆக, இதய மருந்து என்னும் பெயரை வாங்கிக் கொடுத்தது பழம். பரிசோதனைக் கூடத்துக்குள் போனது பெரும்பாலும் இலையும் பூவும். 'நூறு ஆண்டாக இதயத்துக்குப் பயன்படுகிறது' என்று பழக் குளிசையின் மேல் எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் வசதியாக ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

கேள்வி: தந்தைக்குச் சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கின்றன. ஹாதோர்ன் பிரஷரைக் குறைக்குமா?
— பண்டாரவளை வாசகர்

பதில்: சிறிதளவு. இங்கிலாந்தில் நீரிழிவுள்ள 79 பேரிடம் 16 வாரங்கள் நடத்தி 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு 1200 மில்லிகிராம் சாறு குடித்தவர்களுக்குக் கீழ் அழுத்தம் சராசரியாக 2.6 குறைந்தது, மேல் அழுத்தத்தில் பொருட்படுத்தத்தக்க மாற்றமில்லை. அவர்களில் பெரும்பாலோர் பிரஷர் மருந்தும் குடித்துக்கொண்டிருந்தவர்கள். சாப்பாட்டில் உப்பையும், கருவாடு, ஊறுகாய் முதலியவற்றையும் குறைத்தால் இதைவிடக் கூடுதலாகவே அழுத்தம் இறங்கும், அதற்குச் செலவும் இல்லை.

கேள்வி: கொழும்பில் வேலை செய்யும் மகன் சீன முட்டாய் என்று ஒன்று வாங்கி வந்தான். ஹாதோர்ன் பழத்தில் செய்ததாம், செரிமானத்துக்கு நல்லதாம். பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?
— ஒரு தாய், நாவலப்பிட்டி

பதில்: விரல் நீளக் கடதாசிச் சுருளுக்குள், செம்பழுப்பு நிறத்தில், காசுகளை அடுக்கியதுபோல் மெல்லிய வட்டத் தகடுகளாக இருப்பதைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பழக்கூழையும் சீனியையும் சேர்த்து உலர்த்திச் செய்வது அது. வீட்டில் எவருக்கும் நீரிழிவு இல்லையென்றால், முட்டாயாகக் கருதி இரண்டு மூன்று தகடுகள் கொடுப்பதில் தவறில்லை, அம்மா. அதை மருந்தாக எண்ணித் தினமும் கொடுக்க வேண்டாம். அதில் சீனியின் பங்கு அதிகம். புதிய பழமோ உலர்ந்த பழமோ கிடைத்தால் வெறும் வயிற்றில் நிறையத் தின்னக் கொடுக்காதீர்கள். அதிலுள்ள தானின், பெக்ரின் என்னும் பொருட்கள் வயிற்று அமிலத்தில் இறுகிக் கட்டியாகிவிடுவது சீன வைத்தியசாலைகளில் நன்கு தெரிந்த நோய். விதையைக் கடித்து மெல்லவும் கூடாது. ஆப்பிள் விதையிலிருப்பதைப் போலவே அதிலும் சயனைட்டை வெளிவிடும் பொருள் சிறிதளவு இருக்கிறது.

கேள்வி: நுவரெலியாவில் நான் வேலை செய்யும் பழைய பங்களாவின் வேலியில் முள்ளும் சிவப்புப் பழமும் உள்ள செடி நிற்கிறது. வெள்ளைக்காரர் காலத்துச் செடி என்கிறார்கள். அது ஹாதோர்னா? இல்லையென்றால் விதை வரவழைத்து வளர்க்கலாமா?
— தோட்டப் பராமரிப்பாளர், நுவரெலியா

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் விவரப்படி ஆண்டு முழுதும் பச்சையாக நிற்பதாலும், இலை நீண்டு வெட்டுகள் இல்லாமல் இருப்பதாலும், அது ஹாதோர்ன் அல்ல. ஹாதோர்ன் இலை ஆழமாகப் பிளவுபட்டு மடல் மடலாக இருக்கும். குளிர்நாட்டில் பனிக்காலத்துக்கு முன் முழுவதும் உதிர்ந்துவிடும். அலங்காரத்துக்கு வளர்க்கப்படும் பைரகாந்தா அதே குடும்பத்தைச் சேர்ந்தது, தூரத்திலிருந்து பார்த்தால் ஏமாற்றிவிடும். பெயர் உறுதியாகத் தெரியாத எந்தப் பழத்தையும் வாயில் வைக்க வேண்டாம், தம்பி. பூவோடும் பழத்தோடும் ஒரு கிளையை ஹக்கல தாவரவியற் பூங்காவுக்கு எடுத்துச் சென்று காட்டினால் சரியான பெயர் தெரிந்துவிடும்.

வளர்ப்பதைப் பொறுத்தவரை எனக்கு உற்சாகமில்லை. ஹாதோர்ன் விதையின் உறக்கம் கலைய முதலில் வெதுவெதுப்பும் பிறகு நீண்ட குளிரும் வேண்டும். அதன் தாயகத்திலேயே முளைக்க ஒன்றரை ஆண்டு வரை எடுக்கும். நமது தை, மாசி உறைபனி சில விடியற்காலைகளோடு முடிந்துவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வேலிக்காகக் கொண்டுபோன ஹாதோர்ன் பறவைகளின் எச்சத்தால் பரவிக் களையாகிவிட்டது. ஹோர்ட்டன் சமவெளியில் ஐரோப்பிய மஞ்சட்பூ முட்செடி பரவி வனசீவராசிகள் திணைக்களத்தினர் பிடுங்கித் தீராமல் திண்டாடுவதை நீங்கள் அறிவீர்கள். தாவரத் தடுப்புக்காப்புச் சேவையின் அனுமதியில்லாமல் விதையைத் தபாலில் வரவழைப்பது சட்டப்படியும் குற்றம்.

கேள்வி: சீமைப் பழம் எதற்கு? நம்முடைய மருதம்பட்டைக் கஷாயம் போதாதா?
— கம்பளை வாசகர்

பதில்: மகாவலிக் கரையில் நிற்கும் கும்புக் மரந்தான் மருது, சித்த, ஆயுர்வேத வைத்தியங்களில் இதயத்துக்கு அதன் பட்டைக்கு நீண்ட பெயருண்டு. நெஞ்சுவலி நோயாளிகளிடம் சில சிறிய ஆய்வுகள் நம்பிக்கை தந்திருக்கின்றன; ஹாதோர்னுக்கு நடந்த அளவுக்குப் பெரிய ஆய்வு இதற்கு நடக்கவில்லை. பதிவுபெற்ற சுதேச வைத்தியரிடம் போய், கிளினிக் கொப்பியையும் காட்டிக் குடிப்பதானால் குடிக்கலாம். தானாகப் பட்டை உரித்துக் காய்ச்சுவதற்கு நான் உடன்படமாட்டேன்.

கேள்வி: உடம்பு மெலிய, மெக்சிகோ ஹாதோர்ன் வேர் என்று இணையத்தில் விற்கிறார்கள். சிறு துண்டொன்றைத் தினமும் விழுங்கினால் போதுமாம். வாங்கலாமா?
— ஒரு இளம் வாசகி, மஸ்கெலியா

பதில்: வேண்டவே வேண்டாம், மகளே. மெக்சிகோவில் தெஹோகோத்தே என்னும் ஹாதோர்ன் இனம் இருக்கிறது. அதன் பழத்தை நத்தார் காலப் பானத்தில் இட்டுக் காய்ச்சிக் குடிப்பது அவர்கள் வழக்கம். அதில் ஆபத்தில்லை. ஆனால் அதன் வேர் என்று இணையத்தில் விற்கப்பட்ட பத்துத் தயாரிப்புகளை அமெரிக்காவில் பரிசோதித்து 2023ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டபோது, ஒன்பது மஞ்சள் அலரியாக இருந்தன. நம் நாட்டில் வேலியோரத்தில் மஞ்சள் பூப் பூத்து நிற்கும் அதே அலரிதான். அதன் நஞ்சு நேராக இதயத்தைத் தாக்கும். துடிப்பை மெதுவாக்கி, தாளம் குலைத்து, நிறுத்தியும் விடும். இலங்கை வைத்தியர்களுக்கு இந்த நஞ்சைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை.

உங்கள் தோழி ஏற்கெனவே இரண்டு வாரமாக எடுக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். வாந்தி, தலைச்சுற்று, மங்கலான பார்வை, நெஞ்சு படபடப்பு ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்பியுலன்ஸ் வரும். அறிகுறி எதுவும் இல்லையென்றாலும் வைத்தியசாலைக்குப் போய் ஓர் ஈ.சி.ஜி. எடுத்துக்கொள்ளட்டும், மிஞ்சியிருக்கும் துண்டுகளையும் அவை வந்த உறையையும் எறிந்துவிடாமல் வைத்தியரிடம் கொடுக்கட்டும்.